தீர்வைக்கு அளந்த மண்

கீரப்பாளையம் ஒன்றியத்தின் எந்த ஊர் அ-பதிவேட்டைப் புரட்டினாலும் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் மண்ணின் வயனம், ரகம், தரம் ஆகியவற்றுக்கென்று தனிக் கலங்கள் இருக்கும். அவற்றில் எழுதியிருப்பவை சில எண்கள்தான். பட்டா மாறுதலுக்குப் போகிறவர்கள் அவற்றைப் பார்ப்பதில்லை. இன்றைய நிலவரியின் அளவுக்கு அவற்றால் பெரிய பயனும் இல்லை. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் மிகப் பெரிய வேலை நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி நிலவரித் திட்டம் நடந்தபோது, வருவாய்த் துறையினர் ஊர் ஊராகப் போய் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். வண்டலா, கரிசலா, செம்மண்ணா, மணலா என்று முதலில் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் களி, இருமண்பாடு, மணல் என்று வகுத்தார்கள். அதற்குள்ளும் உயர்ந்தது, நல்லது, நடுத்தரம், தாழ்ந்தது, கடைசி என்று தரம் வைத்தார்கள். பிறகு வகைக்கு வகை பயிரை அறுத்து, அளந்து, ஓர் ஏக்கருக்கு எவ்வளவு நெல் என்று கணக்கிட்டார்கள். சாகுபடிச் செலவையும் பருவம் பொய்த்தால் வரும் நட்டத்தையும் கழித்து, எஞ்சிய நிகர வருமானத்தில் பாதி சர்க்காருக்கு என்று வைத்தார்கள். தென்னாற்காடு மாவட்டமும் இந்த அளவைக்குள் வந்தது. குடியானவனிடமிருந்து கூடிய மட்டும் வரி வசூலிப்பதே இதன் நோக்கம். அதைப் போற்றவேண்டிய தேவையில்லை. ஆனால் ஒரு வயலின் மண் என்ன தரம், அதில் என்ன விளையும் என்பதை அரசு சர்வே எண் வாரியாக எழுதிவைக்க முடியும் என்பதை அந்த வேலை நிரூபித்துவிட்டது.

அதே மாவட்டத்தில் பூமியைத் திறந்து பழுப்பு நிலக்கரி எடுக்கத் தொடங்கியபோது, அந்தத் திறமை ஏன் பயன்படவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. வரி வாங்குவதற்கு மண்ணை இவ்வளவு நுட்பமாக அளந்த அரசு, மண்ணைத் தோண்டி எறியும்போதும், தோண்டிய குழியை மூடித் திரும்பத் தரும்போதும் அதில் கால்வாசி நுட்பத்தைக்கூடக் காட்டவில்லை. சுரங்கம் முடிந்த நிலம் மீண்டுவிட்டதா இல்லையா என்பதை அங்கே நிற்கும் மரங்களை எண்ணிச் சொல்லக் கூடாது. தோண்டுவதற்கு முன் அந்த மண் எப்படி இருந்தது, என்ன விளைந்தது என்ற பதிவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது என் வாதம். அந்த முன்பதிவு இல்லாமல் பேசப்படும் நிலச் சீரமைப்பு எதுவும் சோதிக்க முடியாத ஒரு கூற்றாகவே நின்றுவிடும்.

முதலில் இழப்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேலே 15 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும் மண்ணின் எடை ஏறத்தாழ 2,000 டன். பயிரின் உணவு வேர்களில் பெரும்பகுதியும், மண்ணுயிர்களில் பெரும்பகுதியும், அங்ககக் கரிமமும் தழைச்சத்தும் அந்தக் கனத்துக்குள்தான் இருக்கின்றன. சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் இடையே உள்ள கீரப்பாளையம் பகுதியில் இந்த மேல்மண் இன்னும் ஒரு படி சிக்கலானது. வெள்ளாறும், கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வரும் தண்ணீரும் கொண்டுவந்து படியவைத்த வண்டல் இது. சோழன் முதலாம் பராந்தகன் காலத்து ஏரி வீராணம். அதன் பாசனத்தில் மட்டும் சுமார் 45,000 ஏக்கர் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பண்ணையில் ஆய்வு செய்பவர்கள் அங்குள்ள கனத்த களிமண்ணைக் கொண்டல் வரிசை என்று குறிப்பார்கள். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் உப்பி ஒட்டிக்கொள்ளும் மண் அது. வெடிப்பில் மேல்மண் உதிர்ந்து கீழே போவதும், ஈரத்தில் கீழ்மண் பொங்கி மேலே வருவதுமாகத் தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும் இயல்பு கொண்டது.

இந்த மண்ணில் மனிதர் செய்த வேலையும் சேர்ந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு அடித்ததால், உழுசாலுக்குக் கீழே ஒரு கெட்டித் தளம் உருவாகியிருக்கிறது. அதுதான் நெல்வயலில் தண்ணீரை இறங்கவிடாமல் நிறுத்திவைக்கிறது. அதற்கும் கீழே உள்ள களி, மழைக்கால ஈரத்தைப் பிடித்துவைத்துத் தை, மாசியில் விட்டுக்கொடுக்கிறது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிட்டு, பிறகு உழவும் இல்லாமல் பாசனமும் இல்லாமல் அறுக்கும் வழக்கம் இந்தக் களிமண்ணின் ஈரத்தை நம்பியே நிற்கிறது. ஏரி வண்டலை வண்டியில் அள்ளிவந்து வயலில் கொட்டியதும், ஆட்டுக்கிடை போட்டதும், கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுததும் சேர்ந்து உருவாக்கிய மண் இது. ஆகவே கீரப்பாளையத்து நஞ்சையின் மேல்மண்ணைச் சத்துகளின் கணக்காக மட்டும் பார்த்தால் போதாது. மேலே சேறு, நடுவே கெட்டித் தளம், கீழே ஈரம் காக்கும் களி என்ற வரிசை அதற்கு உயிர். அந்த வரிசை குலைந்தால், எல்லாச் சத்தையும் மூட்டையில் கொண்டுவந்து போட்டாலும் நெல்லுக்குப் பின் உளுந்து வராது.

நெய்வேலி இதற்கு வடமேற்கே உள்ள மேட்டுநிலம். கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர் அழைக்கும் படிவத்தின் மேல் அமர்ந்த செம்மண் காடு. முந்திரியும் மணிலாவும் பலாவும் அங்கே பயிர். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வெளிவந்ததில் தொடங்குகிறது நெய்வேலியின் கதை. அவர் பிறகு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கொடையாகவே கொடுத்தார். 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. இருட்டில் இருந்த தென்னகத்துக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதை மறுப்பவன் நன்றி கெட்டவன். படுகைக்கு அடியிலிருந்து அழுத்தத்தோடு மேலே முட்டும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே தோண்டுவது உலக அளவில் பேசப்பட்ட பொறியியல் சாதனை.

அந்தச் சாதனையின் மொழியில், நிலக்கரிக்கு மேலே இருந்த அனைத்துக்கும் ஒரே பெயர்தான்: மேற்சுமை. அறுபது, எண்பது மீட்டர் மணற்கல்லும் களியும் சுமை. அவற்றின் உச்சியில் இருந்த ஒரு முழ மண்ணும் சுமை. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச்சக்கர எந்திரங்கள் பல மீட்டர் உயரப் படிகளாக வெட்டி எடுக்கும். வெட்டியது நகரும் பட்டையில் ஏறி, மறுபக்கம் பரப்பும் எந்திரத்தின் வழியாக மண்மேட்டிலோ தோண்டி முடித்த குழியிலோ போய் விழும். முதல் வெட்டின் முதல் 15 செ.மீ. அதற்குக் கீழே உள்ள பல மீட்டர் மண்ணோடு கலந்துவிடும். அந்தக் கலவையில் அது நூற்றில் ஒன்றோ இரண்டோ. அதைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும் என்று அன்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் கனிமத்தை எப்படிக் கொடுப்பது, எப்படி வளர்ப்பது என்பதைப் பற்றியது; குழியை மூடுவது அதன் கவலையாக இருக்கவில்லை.

இத்தனைக்கும் மண்ணைப் பரிசோதிக்கும் அறிவு அப்போது நாட்டில் இல்லாமல் இல்லை. இந்திய–அமெரிக்க ஒப்பந்தத்தின் கீழ் 1955–56இல் நாட்டின் பல இடங்களில் மண் பரிசோதனை நிலையங்கள் தொடங்கப்பட்டன. மண்ணில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய தழைச்சத்தை அளக்க சுப்பையாவும் அசிஜாவும் வகுத்த முறை வெளிவந்ததும் 1956இல்தான். இன்றுவரை நம் ஆய்வகங்களில் அதையே பயன்படுத்துகிறார்கள். நெய்வேலி நிறுவனம் பதிவான அதே ஆண்டு! ஒரு துறை ஏக்கருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து இருக்கிறது என்று சொல்லும் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு துறை அந்த ஏக்கரையே புரட்டிப்போடத் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் சட்டம் இல்லை. அ-பதிவேட்டை வைத்திருந்த வருவாய்த் துறையோ, நிலத்தைக் கையகப்படுத்தித் தருவதோடு தன் வேலை முடிந்ததாகக் கொண்டது.

பிறகு வந்த விதிகளையும் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள் மேல்மண்ணைத் தனியாக அகற்ற வேண்டும், சீரமைப்புக்குப் பயன்படுத்த வேண்டும், உடனே பயன்படுத்த முடியாவிட்டால் தனியாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லின. மிக நல்ல விதி. ஆனால் அந்த விதிகளின் வரம்பிலிருந்து நிலக்கரியும் லிக்னைட்டும் விலக்கப்பட்டிருந்தன. சுண்ணாம்புக்கல் குவாரிக்குக் கட்டாயமாக இருந்த கடமை, அதைவிடப் பல மடங்கு நிலத்தைத் திறக்கும் நெய்வேலிச் சுரங்கத்துக்கு அந்த வழியில் வரவில்லை. 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தபின், சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளில் மேல்மண் சேமிப்பு இடம்பெறலாயிற்று. 2009 ஆகஸ்டில் நிலக்கரி அமைச்சகம் சுரங்க மூடல் திட்டத்துக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் மூடல் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் கட்டிவைக்க வேண்டும் என்றது. 2020 ஜனவரி 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சுரங்க வேலை முடிந்த இடத்தில் புல்லும் தீவனமும் வளரும் நிலைக்கு நிலத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகைகளில் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு படி முன்னேற்றம். ஆயினும் புல் வளரும் நிலை ஓர் அளவுகோல், நெல்லும் உளுந்தும் பழையபடி விளையும் நிலை இன்னோர் அளவுகோல். பழைய விளைச்சலை எட்டியதாக அறுத்துக் காட்டினால்தான் கட்டிய பணம் திரும்பும் என்ற ஏற்பாடு 2009 வழிகாட்டுதலில் இல்லை.

அப்படி ஓர் ஏற்பாடு நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1977 ஆகஸ்ட் 3ஆம் தேதி அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட மேற்பரப்புச் சுரங்கச் சட்டம், முதல்தர விளைநிலத்துக்கென்று தனி விதியை வைத்தது. மேல்மண், அதற்கு அடுத்த அடுக்கு ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து, தனித்தனியாகச் சேமித்து, அதே வரிசையில் திரும்ப வைக்க வேண்டும். சீரமைத்த மண்ணின் ஆழம் பொதுவாக 48 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதன்பின் குறைந்தது மூன்று பயிர் ஆண்டுகள் பயிரிட்டு, சுற்றுவட்டாரத்தில் தோண்டாத அதே வகை நிலத்தின் விளைச்சலுக்குச் சமமாக எடுத்துக் காட்ட வேண்டும். பிரிட்டன் 1981இல் சீரமைத்த நிலத்துக்கு ஐந்தாண்டுப் பின்கவனிப்பைச் சட்டத்தில் சேர்த்தது. நெய்வேலிக்கு எந்திரம் கொடுத்த ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதிதான் நமக்கு நெருங்கிய பாடம். அங்கும் லிக்னைட், அங்கும் வாளிச்சக்கரம். மேலே இருக்கும் லோயெஸ் என்ற வளமான மண்ணைத் தனியாக வெட்டிக் கொண்டுபோய், மூடிய குழியின் மேல் இரண்டு மீட்டர் கனத்துக்குப் பரப்புகிறார்கள். எடை குறைந்த எந்திரங்களால் மட்டும் சமன்செய்கிறார்கள். முதல் சில ஆண்டுகள் குதிரைமசால் பயிரிட்டு, சுரங்க நிறுவனமே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் விவசாயம் பார்த்தபிறகுதான் நிலம் உழவர் கைக்குப் போகிறது.

நம் ஊருக்கு வேண்டிய பரிசோதனை என்ன என்று கேட்டால், பெரும்பகுதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2015இல் வந்த மண்வள அட்டைத் திட்டம் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி எடுத்து 12 குணங்களைச் சோதிக்கச் சொல்கிறது: கார அமில நிலை, மின்கடத்து திறன், அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். உழவரும் ஆய்வகமும் பழகிய முறை இது. சுரங்கத்துக்குப் போகும் நிலத்துக்கு இது பாதி வேலைதான். மேல் 15 செ.மீ. மாதிரி கெட்டித் தளத்தைப் பற்றியோ கீழ்க் களியைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. குறைந்தது ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடுக்கு அடுக்காகக் கனம், களியின் பங்கு, மண்ணின் செறிவு, நீர் இறங்கும் வேகம், பிடித்துவைக்கும் ஈரம் ஆகியவற்றை எழுதவேண்டும். இதோடு, அந்த வயலில் சம்பாவும் உளுந்தும் எவ்வளவு விளைந்தன என்ற கணக்கும் வேண்டும். அதற்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை: 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனையைப் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் செய்கிறது, பயிர்க் காப்பீட்டு இழப்பீடே அதை வைத்துத்தான் முடிவாகிறது.

எடுத்த மேல்மண்ணைக் காப்பதிலும் கண்டிப்பு வேண்டும். மேல்மண் உயிருள்ள பொருள். உயரமாகக் குவித்தால் குவியலின் உட்பகுதியில் காற்று அற்றுப்போகிறது, மண்புழுக்கள் சாகின்றன, வேரோடு உறவாடும் பூஞ்சைகள் குறைகின்றன, தழைச்சத்து அம்மோனிய வடிவில் தேங்கி, மண்ணைத் திரும்பப் பரப்பும்போது கரைந்தும் ஆவியாகியும் வீணாகிறது. பத்தாண்டு குவிந்து கிடந்த மண்ணைப் பழைய மேல்மண் என்று சொல்லிப் பரப்புவது, பழங்கஞ்சியைப் புதுச்சோறு என்று பரிமாறுவதற்குச் சமம். ஆகவே குவியல் தாழ்வாக இருக்க வேண்டும், அதன்மேல் சணப்பையோ கொளுஞ்சியோ வளர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அது காத்திருக்கும் காலம் குறைய வேண்டும். முன்னே எடுக்கும் மண் அதே பருவத்தில் பின்னே மூடிய குழிக்குப் போய்விடுவதே சிறந்தது. களிமண்ணை ஈரத்தில் எடுக்கவே கூடாது. ஈரக் களியின் மேல் கனரக வண்டி ஓடினால் செறிவு ஏறி வேர் இறங்காத பாறையாகிவிடும். கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்து நிலம் காய்ந்தபின், மாசி முதல் ஆனி வரையே இதற்கேற்ற காலம்.

இனி மறுப்புகள். நெய்வேலியின் மண்ணே ஆதியில் ஏழை மண்தான்; மண்மேட்டில் பயிர் வரவில்லையா என்பது முதல் மறுப்பு. வருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நெய்வேலி நிறுவனம் செய்த ஆய்வுகளில், தொழுவுரம், பசுந்தாளுரம், பறக்கும் சாம்பல், லிக்னைட்டிலிருந்தே எடுக்கும் ஹியூமிக் அமிலம், நுண்ணுயிர் உரங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, ஊட்டமற்ற சுரங்கக் கழிமண்ணில் பயிர்களை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். மதிப்புக்குரிய வேலை அது. அதைச் செய்த விஞ்ஞானிகளைப் பாராட்டாமல் இந்த விஷயத்தைப் பேசவே கூடாது. மணற்பாங்கான செம்மண்ணுக்குப் பதிலாக, ஊட்டிய கழிமண்ணில் முந்திரி தழைக்கிறது என்றால் அங்கே கணக்கு ஏறத்தாழ நேராகிவிட்டது என்றே நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த வெற்றியைத் தெற்கேயும் கிழக்கேயும் உள்ள வண்டல் நஞ்சைக்கு நீட்டுவது தவறு. தோண்டுவது களி, திரும்ப வைப்பது மணற்கல் தூள் என்றால், எந்த ஹியூமிக் அமிலமும் அந்தக் களியைத் தராது. அதோடு, ஆய்வுத் திடலில் நிறுவனத்தின் செலவில் ஏற்றும் உரமும் ஆளும் ஓர் ஏக்கர் குத்தகைக்காரருக்கு எப்போதும் கிடைப்பதில்லை. உழவரின் வழக்கமான செலவில் என்ன விளைகிறது என்பதே உண்மையான சோதனை.

மூடிய குழிகளில் லட்சக்கணக்கில் மரங்கள் நிற்கின்றனவே என்பது அடுத்தது. அவை நிழல் தருகின்றன, மண்மேட்டின் சரிவைப் பிடிக்கின்றன, பறவைகளைக் கூட்டுகின்றன, எல்லாம் நன்மையே. ஆனால் தைல மரமும் வேலமரமும் மோசமான மண்ணிலும் வளரக்கூடியவை என்பதால்தான் அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மோசமான மண்ணிலும் வளரும் மரம் நின்றால், மண் நன்றாகிவிட்டது என்பதற்கு அது சாட்சியாகாது. சுரங்கம் இறைத்த தண்ணீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பல ஆயிரம் ஏக்கரைப் பாய்ச்சுகிறதே என்றும் கேட்பார்கள். பாய்ச்சுகிறது, அந்த ஏரிகளின் கீழ் உள்ளவர்கள் அதை அறிவார்கள். ஓரிடத்தில் தந்த தண்ணீர் இன்னோரிடத்தில் எடுத்த மண்ணுக்கு ஈடாகாது என்பதே என் பதில். சுரங்கம் ஓயும் நாளில் அந்த நீர் நின்றுவிடும். மண்ணின் இழப்பு நிற்காது.

பொறியாளர்கள் சொல்லும் மறுப்புக்குத்தான் கூடுதல் கவனம் தரவேண்டும். வாளிச்சக்கரத்துக்கு ஒன்றரை அடி மண்ணைத் தனியாகச் சீவத் தெரியாது, இது உற்பத்தியைத் தாமதப்படுத்தும், செலவு கூடும் என்பார்கள். சக்கரம் வருவதற்கு முன் சிறு எந்திரங்களால் சீவி எடுப்பதைத் தடுக்கும் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ரைன்லாந்தில் சக்கரத்தைக்கொண்டே லோயெஸ் மண்ணைப் பிரித்தெடுக்கிறார்கள். செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண்ணைத் தனியாக எடுத்தால் 10,000 கன மீட்டர். அதே ஹெக்டேரில் 80 மீட்டர் மேற்சுமை இருந்தால் மொத்தம் 8 லட்சம் கன மீட்டர். எண்பதில் ஒரு பங்கைக் கவனமாக எடுத்துக் கவனமாக வைக்கவேண்டும் என்பதே கோரிக்கை. எஞ்சிய எழுபத்தொன்பது பங்கையும் நகர்த்தும் வல்லமை கொண்ட நிறுவனத்துக்கு இது தாங்காத பாரம் என்பதை ஏற்க முடியாது. மின்சாரத்தின் விலையில் சில காசு கூடுமானால், அந்தச் சில காசு இத்தனை ஆண்டுகள் நிலத்தை இழந்த ஊர்கள் சத்தமில்லாமல் கட்டிவந்த காசுதான்.

நிலமே நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது, பிறகு யாருக்காக இந்த நெல் விளையும் மண் என்று கேட்பவர்களும் உண்டு. கையகப்படுத்தலின் கசப்பான உண்மை இது: பணம் கொடுத்து வாங்கியபின் குழி மூடினாலும் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்புவதில்லை. அதனாலேயே மண்ணின் தரத்தைக் கேட்பதற்கு ஆளில்லாமல் போகிறது. திரும்ப வாங்கப்போகிறவர் ஒருவர் இருந்தால், அவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பார். எனவே மேல்மண் பற்றிய விதியும் நிலம் திரும்பும் விதியும் ஒன்றாகவே வரவேண்டும். சீரமைத்த விளைநிலத்தில் நீண்ட காலக் குத்தகை உரிமை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு, அவர்களிலும் நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு முதலில் என்று வைத்தால், தரத்தைச் சோதிக்க ஆயிரம் கண்கள் கிடைக்கும்.

கீரப்பாளையத்துக்கு இதெல்லாம் எதற்கு, சுரங்கம்தான் அங்கே இல்லையே என்று நினைப்பவர்கள் 2023ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு அறிவித்த தொகுதிகளில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள லிக்னைட் தொகுதியும் இருந்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8ஆம் தேதி அத்தொகுதி ஏலத்திலிருந்து நீக்கப்பட்டதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் பட்டியலில் கடலூர் மாவட்டத்தின் ஒன்றியங்களுள் கீரப்பாளையமும் ஒன்று என்பது அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. அதே ஆண்டு ஜூலை இறுதியில், அதே சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்து வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, பச்சை நெற்பயிர் நின்ற வயல்களில் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்பது நிறுவனத்தின் வாதம். பயிருக்கு இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. பயிருக்கு விலை பேசினார்கள். அந்தப் பயிர் நின்ற மண் எங்கே போகும், எப்படித் திரும்பும் என்ற பேச்சு அந்த வாரங்களின் கூச்சலில் கேட்கவே இல்லை. சட்டப் பாதுகாப்பு திருத்தப்படலாம், பட்டியல் மாறலாம். படுகையோ பூமிக்கடியில் அப்படியே இருக்கிறது.

எனவே கேட்கவேண்டியவை தெளிவானவை. லிக்னைட் சுரங்கத்துக்காக எடுக்கும் ஒவ்வொரு நஞ்சைக்கும், எடுப்பதற்கு முன் சர்வே எண் வாரியாக மண் அடுக்குப் பதிவும் மூன்றாண்டு விளைச்சல் பதிவும் கட்டாயமாக வேண்டும். அவற்றை நிறுவனத்தோடு தொடர்பில்லாத வேளாண் பல்கலைக்கழகமோ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலமோ எடுக்க வேண்டும். அ-பதிவேட்டின் தொடர்ச்சியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மூடல் கணக்கில் கட்டிய பணத்தில் பெரும்பங்கு, பழைய விளைச்சலை மூன்று பருவம் எட்டிக் காட்டிய பிறகே நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சட்டம் வரும்வரை கீரப்பாளையம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதி உழவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கோடையிலேயே உங்கள் வயலின் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்வள அட்டை, அ-பதிவேட்டு நகல், உங்கள் ஊருக்கான பயிர் அறுவடைப் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றையும் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். நிலம் கைமாறிய பிறகு இந்தத் தாள்களை உண்டாக்க முடியாது.